டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கும் ஃபேன்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 43, பி.காம். படித்தவர். கணவருக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. இவர் வீட்டில் இருந்தபடியே இரண்டு உரக்கடை, ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு சின்ன மாங்கூழ் தொழிற்சாலை என நான்கு இடங்களுக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டனும் போட்டுத் தருகிறார். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்: விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம். இரண்டு மாதமாக யாரும் தொடாதபோதே அதன் ஃபேன் இரைகிறது. "என்னவென்று பார்க்கலாம் என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடுகிறது. மூடினால் திரும்ப ஆரம்பிக்கிறது" என்கிறார். இப்போது ஓடும் புரோகிராம்களைக் காட்டும் அந்தப் பட்டியலில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் 70க்கு மேல் ஓடுவதைப் பார்த்து, இதுதான் வைரஸ் என்று ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறார். நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றது. அன்றைக்குப் பதிந்த கணக்கும் போனது.

ஓசூரில் கல்லூரியில் படிக்கும் மகன், போட்டோ எடிட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றைக் 'கிராக்' செய்து, அதாவது காசு கட்டாமல் லைசென்ஸ் பூட்டை உடைத்து, போட்டிருக்கிறான். அதைப் போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்னதாம். தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி வந்திருக்கிறது. இது போதாதென்று, வேறு இடத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே தானாகத் தொடங்குகிறது. கொரோனா காலத்தில் கணவரின் அண்ணன் மகன் போட்டுத் தந்தது. இப்போது அந்தக் குடும்பத்தோடு நிலத் தகராறு. "அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எங்கள் கணக்கை எல்லாம் பார்க்கிறான்" என்று இவர் உறுதியாக நம்புகிறார். கடைக்காரர் 1,500 ரூபாய்க்கு ஃபார்மட் செய்து எல்லா சாஃப்ட்வேரும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார்.

எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) வைரஸ், எப்படி எடுப்பது, ஃபார்மட் செய்தால் தீருமா, போலீசுக்குப் போகலாமா? இவைதான் கேள்விகள். கடைசி வரியில், கடைக்காரர்கள் யாரிடமும் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி,

முதலில் நீலத்திரை. நீங்கள் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடவில்லை. எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் சொந்த ப்ராசஸ். நெட், சவுண்ட், பிரிண்டர், அப்டேட் என்று பின்னால் ஓடும் சர்வீஸ்களைத் தூக்கிச் சுமப்பது அதுதான். முன்பெல்லாம் பல சர்வீஸ்களை ஒரே எஸ்விசிஹோஸ்டில் அடைத்து வைத்திருந்தார்கள். 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். உங்களுடையது 8 ஜிபி. அதனால் 70 இருப்பது இயல்புதான். அவற்றில் சிலது இல்லாமல் விண்டோஸால் ஒரு நொடிகூட ஓட முடியாது, நிறுத்தினால் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அதற்காக அந்தப் பெயரில் இருப்பதெல்லாம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். திருட்டு ப்ராசஸ் பெரும்பாலும் இந்த மாதிரி நல்ல பெயரைத்தான் வைத்துக்கொண்டு வரும். உங்கள் வீட்டுக்காரரிடம் அல்போன்சா என்று எழுதிய பெட்டியைக் கொடுத்தால், எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பாரா? பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார், எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்பார். ப்ராசஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போய், மேலே தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்தால் 'செலக்ட் காலம்ஸ்' வரும். அதில் 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் டிக் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு ப்ராசஸும் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். உண்மையான எஸ்விசிஹோஸ்ட், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற இடத்தில்தான் இருக்கும், அரிதாகப் பக்கத்திலேயே உள்ள சிஸ்வாவ்64இல் இருக்கலாம். அதன் கமாண்ட் லைனில் ஒரு கோடும் 'கே' என்ற எழுத்தும் இருக்கும். அதே பெயர் ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, டெம்ப் மாதிரி ஃபோல்டரிலிருந்து ஓடினால் அது போலி, யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது இவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது என்று நினைக்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். சாதாரண விண்டோஸ் வேலைகளிலும் சிலது நீங்கள் மவுஸைத் தொட்டதும் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மூடிய உடனே திரும்ப ஆரம்பிப்பதும், அதுவும் இரண்டு மாதமாக, கிராக் சாஃப்ட்வேர் போட்ட பிறகு என்பதும் சேரும்போது, கிரிப்டோ மைனராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் கரண்டிலும் உங்கள் பிராசஸரிலும் வேறு யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும் புரோகிராம் அது. அதில் பல, டாஸ்க் மேனேஜர் திறக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்து, திறந்ததும் வேலையை நிறுத்தி ஒளிந்துகொள்ளும்.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போட்டேன், ஒன்றும் இல்லை என்று வந்தது, அதனால் கொஞ்சம் நிம்மதி என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நிம்மதி வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய், வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கீழே கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது எதை எதைத் தொடக் கூடாது என்கிற பட்டியல் அது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் அதைத் திறந்தபோது ஒரே ஒரு வரிதான் இருந்தது: சி டிரைவ் முழுவதும். அந்த வீட்டில் ஆறு மாதமாக வாரம் தவறாமல் ஸ்கேன் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றும் இல்லை என்றே வந்திருக்கிறது. பார்க்கவே இல்லையென்றால் எப்படிக் கிடைக்கும்? ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்ன அந்தச் சில நிமிடத்தில்தான் இப்படியான வரியைச் சேர்த்துவிடுவார்கள். நீங்களாகச் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு, வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' போடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். ஒளிந்துகொள்ளும் புரோகிராம் அப்போது ஓடிக்கொண்டிருக்காது என்பதுதான் இதில் உள்ள நன்மை.

'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. அது இப்போது ஓடுவதை நிறுத்தும், அவ்வளவுதான். டிஸ்க்கில் ஃபைல் அப்படியே இருக்கும். திரும்ப எழுப்பிவிட டாஸ்க் ஷெட்யூலரிலோ ஸ்டார்ட்-அப்பிலோ ஒரு வரி இருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்ற சின்னக் கருவி இந்த வரிகளை எல்லாம் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்க அதிலேயே வழி உண்டு. மிச்சம் இருப்பதில் சந்தேகமானதை உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், தப்பாக எடுத்திருந்தால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

பென்டிரைவ் விஷயம் சின்னது. ஷார்ட்கட் வைரஸில் ஓடும் ப்ராசஸ் பெரும்பாலும் டபிள்யூஸ்கிரிப்ட். அது விண்டோஸின் உண்மையான புரோகிராம்தான், இடமும் சரியாகவே இருக்கும்; அதை வைத்து ஓட்டுகிற ஸ்கிரிப்ட்தான் கெட்டது, அது கமாண்ட் லைனில் தெரியும். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் மட்டும் செய்யாதீர்கள். இனி ஜெராக்ஸ் கடைக்கு அச்செடுக்க வேண்டியதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடுங்கள்.

எனிடெஸ்க்: சந்தேகம் வேறு, சான்று வேறு

எனிடெஸ்க் வைரஸ் அல்ல. ஆன்டிவைரஸ் அதை ஒன்றும் சொல்லாது, சொல்லவும் கூடாது. அனுமதியோடு வந்தால் உதவி, அனுமதி இல்லாமல் வந்தால் குற்றம், புரோகிராம் ஒன்றுதான். உங்கள் கடிதத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது: டேலி சர்வீஸ்காரரும் போன வருடம் எனிடெஸ்க்கில்தான் வந்து சரிசெய்தார். அவர் வசதிக்காகத் தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அண்ணன் மகனாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லாமல், அன்று போட்டபடி யாரும் தொடாமல் கிடக்கவும் வாய்ப்பு உண்டு.

இதை ஊகிக்கத் தேவையே இல்லை. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று எனிடெஸ்க்கே எழுதி வைக்கிறது. சி டிரைவில் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் (அது மறைந்திருக்கும், 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும்) எனிடெஸ்க் என்ற ஃபோல்டரைத் திறங்கள். 'கனெக்ஷன் ட்ரேஸ்' என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். இன்ஸ்டால் செய்யாமல் சும்மா ஓட்டியிருந்தால் அது ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், வந்தவரின் எனிடெஸ்க் எண், எப்படி நுழைந்தார் என்பது இருக்கும். 'யூசர்' என்றிருந்தால் இந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து அனுமதி கொடுத்திருக்கிறார்கள். 'பாஸ்வேர்ட்' என்பதைக் குறிக்கும் சுருக்கமோ 'டோக்கன்' என்றோ இருந்தால், இந்தப் பக்கம் யாரும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லாமல் முன்பே வைத்த பாஸ்வேர்டால் நுழைந்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் நீங்கள் தோப்பில் இருந்தீர்களா, கல்யாணத்துக்குப் போயிருந்தீர்களா என்று காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டேலிக்காரரிடம் அவருடைய எண்ணைக் கேட்டால் அவர் வந்த வரிகள் தனியாகப் பிரிந்துவிடும்.

பட்டியலில் கடந்த ஒரு வருடமாக டேலிக்காரரைத் தவிர யாரும் இல்லையென்றால், அந்தப் பையன் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள், குறைந்தது எனிடெஸ்க் விஷயத்தில். நிலத் தகராறு இருக்கும் வீட்டில் ஒரு தப்பான பழி விழுந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

வேறு எண், நீங்கள் இல்லாத நேரம் என்று இருந்தால், அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். மோசடி எண்ணத்தோடு செய்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம், கிருஷ்ணகிரியில் உள்ள சைபர் கிரைம் போலீசிடம் நேரிலும் கொடுக்கலாம். நிலவழக்கு நடத்தும் வக்கீலிடம் முதலில் காட்டுங்கள். புகார் கொடுக்கும்வரை அந்தப் பையனிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம், எனிடெஸ்க்கை அன்-இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். நெட் கேபிளைப் பிடுங்கி வைத்தால் போதும், யாரும் வர முடியாது.

ஃபார்மட் செய்யலாமா

நாள் முழுக்கத் தேடி ஒவ்வொன்றாக எடுக்கலாம், நானும் பலருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் நல்ல ப்ராசஸுக்குள்ளேயே தன்னைச் செலுத்திக்கொண்டு ஓடுவதும் உண்டு, இடம், பெயர், கமாண்ட் லைன் எல்லாம் சரியாக இருக்கும். எல்லாம் போய்விட்டது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. வெறும் படம் பார்க்கிற கம்ப்யூட்டர் என்றால் சுத்தம் செய்து ஓட்டுங்கள் என்பேன். உங்களுடையதில் நான்கு பேருடைய கணக்கு இருக்கிறது. அதனால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் முடிவு.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "எல்லா சாஃப்ட்வேரும் சேர்த்து" என்ற வார்த்தைதான் இடிக்கிறது. 1,500 ரூபாயில் எல்லாமும் வருகிறதென்றால் அதில் பாதி கிராக்காகத்தான் இருக்கும், விண்டோஸையும் லைசென்ஸ் இல்லாமல் ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் வைத்து ஓட்டினால் வந்த இடத்துக்கே திரும்பப் போவீர்கள். அசல் விண்டோஸோடு வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் அதே மதர்போர்டில் திரும்பப் போடும்போது தானாகவே ஆக்டிவேட் ஆகும், காசு கிடையாது. மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து மட்டும் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. உங்கள் போர்டு ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11 போட்டுவிடுவதே நல்லது, அதுவும் இலவசம்தான்.

சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தீராது. மகன் இறக்கிய அந்த செட்-அப் ஃபைல் டி டிரைவில் பத்திரமாக இருக்கும், ஒரு மாதம் கழித்து அவனே திரும்ப ஓட்டுவான். அவனைத் திட்டுவதால் பயன் இல்லை, அவன் வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா, கிம்ப் மாதிரி சாஃப்ட்வேர் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள். அவனுக்கென்று அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் அக்கவுன்ட் ஒன்றும் வையுங்கள்.

எனிடெஸ்க் பட்டியலில் சந்தேகமான வரி இருந்தால் மட்டும் ஃபார்மட் வேண்டாம், சான்று எல்லாம் அழிந்துவிடும். புதிதாக ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கி அதில் விண்டோஸ் போட்டுக்கொண்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி, கவரில் போட்டு, தேதி எழுதி, கழற்றியவரின் கையெழுத்தோடு பீரோவில் வைத்துவிடுங்கள். ஃபார்மட் கூலியைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் வேகமும் கூடும், சான்றும் கெடாது.

எது செய்வதற்கு முன்பும் டேலி பேக்கப்பையும் எண் பெயர் கொண்ட கம்பெனி டேட்டா ஃபோல்டர்களையும், எக்செல், பிடிஎஃப், போட்டோக்களையும் புது டிஸ்க்கில் எடுங்கள். புரோகிராம் ஃபைல் எதையும் எடுக்க வேண்டாம். டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டு (டேலியிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு) ஃபார்மட் செய்யுங்கள், இதை மறந்துவிட்டு ரிட்டன் தேதியன்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் பாஸ்வேர்ட்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான். கிராக்கோடு வருவது மைனர் மட்டும் என்று சொல்ல முடியாது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் ஒரே நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு புரோகிராமும் அடிக்கடி கூடவே வரும். அது தன் வேலையை முடித்துவிட்டுத் தன்னை அழித்துக்கொள்ளவும் செய்யும், பிறகு எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமல், உங்கள் போனில், மொபைல் டேட்டாவில், முதலில் மெயில், பிறகு பேங்க், பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். மெயிலில் 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள். குக்கீ திருடியவனுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது, அவனை வெளியே தள்ள இதுதான் வழி.

இதுவரை பணம் எதுவும் போகவில்லை என்கிறீர்கள், நல்லது. போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், பேங்க்குக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் பேங்க்கின் தவறும் இல்லாமல் வெளியார் எடுத்த பணம் என்றால், பேங்க் தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கடைசியாக, அந்த நான்கு பேர். அவர்களுடைய ஜிஎஸ்டி லாகின் எல்லாம் குரோமில் சேமித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னால் வேலையை எடுத்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வீட்டில் இருந்தபடி நீங்களாகப் பிடித்துக்கொண்டு வந்த தொழில். ஆனால் அவர்கள் பெயரில் யாராவது போலி பில் ஏற்றி, நோட்டீஸ் வந்த பிறகு அவர்களுக்குத் தெரிந்தால், வேலையோடு உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும். நான் பார்த்தவரை, முன்கூட்டியே வந்து சொன்ன கணக்கரை யாரும் விரட்டியதில்லை. நீட்டிச் சொல்ல வேண்டாம்: "என் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்திருக்கிறது. உங்கள் ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் அதில் இருந்தது. இதுவரை தப்பு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கே உங்கள் போனில் மாற்றிவிடுங்கள், நான் கூட இருந்து செய்து தருகிறேன்." இவ்வளவு போதும். போர்ட்டலில் பதிவான மொபைலும் மெயிலும் அவர்களுடையதா, உங்களுடையதா என்று அப்போதே பார்த்து, உங்களுடையதாக இருந்தால் அவர்களுடையதாக மாற்றிவிடுங்கள். புது விண்டோஸ் தயாராகும்வரை 11ஆம் தேதி, 20ஆம் தேதி ரிட்டன்களை அவர்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து போட்டுக்கொடுங்கள்.

மாங்கூழ் தொழிற்சாலைக்கு முதலில் போன் செய்யுங்கள். சீசன் நேரம், பில் அதிகம் போவது அங்கேதான்.